காசு வாங்காதவன் வார்த்தை

எங்கள் ஊரில் இலவசமாகக் கிடைப்பவை இரண்டு. ஒன்று வெயில், இன்னொன்று யோசனை. இரண்டையும் யாரும் மதிப்பதில்லை.

தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்ட மகள் பொன்மணியின் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று நாலு வருடமாக வைத்திருந்த இசக்கிதுரை அண்ணாச்சி, போன வாரம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "புள்ளை பெறப் போறவகிட்டப் பேசாம இருக்கது நல்லால்ல. பேசிக்கோங்க," என்று சொன்னார். அதைக் கேட்ட அவர் மனைவி முத்துமாரியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு அடுக்களைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். நாம் அங்கேதான் விட்டோம்.

பேசிக்கோங்க என்று சொல்லியாயிற்று. ஆனால் பேசுவதற்கு அந்த அம்மாளுக்குக் குரல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு, கழுத்தில் போட்ட துவாரம் வழியாக. அதன்மேல் ஒரு மெல்லிய துணி. பேச்சு, லேப்டாப் வழியாக.

அந்த லேப்டாப் மருமகள் பிரேமலதாவின் ஏற்பாடு. புருஷன் லிங்கராஜ் துவரை வாங்க வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். அண்ணாச்சியும் பருப்புக் கடைக்குப் போய்விட்டால் வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். ஆபரேஷனுக்கு முன்னால் மாமியாருக்கு மைக் மாட்டி உட்காரவைத்துப் பேச வைத்தாள் பிரேமா. கொடுத்த வாக்கியங்களை வாசிக்கச் சொன்னால் அந்த அம்மாள் ரெண்டு பக்கத்தில் கொட்டாவி விடுவாள். வாசலில் காய்க்காரி சத்தம் கேட்டால் சேலையில் மாட்டிய மைக்கோடே எழுந்து போய்விடுவாள். ஆக, பதிவானதில் பாதி கத்தரிக்காய் பேரம்.

அதை வைத்துத்தான் ஒரு குரல் செய்தார்கள். செய்தவர்கள் இணையத்தில் கூடித் தமிழுக்காகச் சம்பளமில்லாமல் மென்பொருள் எழுதுகிற ஒரு குழு. அதில், காலேஜில் பாடம் நடத்துகிற சேலத்து வேணுகோபால் முக்கியமானவர். எழுத்தைத் தட்டினால் முத்துமாரியம்மாளின் குரலிலேயே லேப்டாப் பேசும். என்ன, "காபி போடட்டா?" என்று கேட்டால்கூட "இன்னும் ரெண்டு ரூபாய் குறை" என்று சொல்வதுபோல்தான் இருக்கும். அண்ணாச்சிக்கு முதல் நாள் அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அந்தப் பேரத்துக்குத்தானே அவர் வாழ்நாளெல்லாம் பயந்தது.

இன்று சாயங்காலம் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பொன்மணிக்கு சிசேரியன். உள்ளே போவதற்கு முன் கூப்பிடுகிறேன், அம்மா குரலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று அண்ணிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்.

நேற்றுப் பார்த்து லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதற்கப்புறம் எழுத்து வருகிறது, குரல் வரவில்லை.

* * *

காலையில் பிரேமலதா எழுந்ததும் பல் தேய்க்காமல் லேப்டாப்பைத் திறந்தாள். நேற்றே குழுவில் எழுதிக் கேட்டிருந்தாள். இலவசமாக உதவி கேட்பவர் முதலில் பரீட்சை எழுத வேண்டும். ஒருவர் எந்தப் பதிப்பு என்று கேட்டிருந்தார். இன்னொருவர், இதே கேள்விக்குப் போன வருடமே பதில் சொல்லியாயிற்று, தேடிப் பாருங்கள் என்று கடிந்திருந்தார். மூன்றாமவர் ஒரு அழுகிற முகத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அதற்குக் கீழே வேணுகோபால்.

"பதற வேண்டாம் தங்கச்சி. அம்மாவின் குரல் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அது இருக்கிற இடம் புது மென்பொருளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். காலேஜில் பரீட்சை நடக்கிறது, என்னால் இப்போது உட்கார முடியாது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இங்கிருந்தே உங்கள் மெஷினுக்குள் வந்து சரிசெய்து தருகிறேன். அதுவரை எதையும் தொடாதீர்கள். யாரையும் தொட விடாதீர்கள்."

பிரேமா அதைச் சத்தமாக வாசித்தாள். மாமியார் கையெடுத்து லேப்டாப்பைக் கும்பிட்டாள். கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மாமனார் சட்டைப் பொத்தானைப் போடுவதை நிறுத்தினார்.

"எவ்வளவு கேக்கான்?"

"ஒண்ணும் கேக்கல மாமா."

"பெறகு எதுக்குச் செய்யுதான்?"

"அவியளுக்கு அது பிடிச்சிருக்கு."

"எனக்குக்கூடச் சும்மா சாஞ்சு கெடக்கது பிடிச்சிருக்கு. உளுந்து மூட்டைய யாரு எறக்க?"

பிரேமா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"மத்தியானம் வரலேன்னா?"

"வருவாவ மாமா."

"வரலேன்னாங்கேன். பரீட்சைங்கான். பொண்டாட்டிக்குக் காய்ச்சல்ம்பான். கரண்டு இல்லம்பான். யாரு சட்டையப் போய்ப் பிடிப்ப? காசு வாங்கினவன்னா அவன் வாசல்ல போய் உக்காரலாம். இவனுக்கு வாசல் எங்க இருக்கு?"

"கடைக் கம்ப்யூட்டருக்கு வருஷாவருஷம் கட்டுதீங்களே. போன மாசம் அது படுத்தப்ப உடனே வந்தாவளாக்கும்?"

"வந்தானா இல்லையா?"

"மூணா நாள் வந்தாவ."

"வந்தான்ல. அதான் பேச்சு."

முத்துமாரியம்மாள் லேப்டாப்பில் எதையோ தட்டி, சத்தம் வராததால் திரையை இருவர் பக்கமும் திருப்பிக் காட்டினாள். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. கோயில்ல நடை சாத்திருவாவ."

செண்பகவல்லி அம்மனுக்கு மகள் பேரில் ஒரு தேங்காய். நாலு வருடமாக அந்தப் பேரை அர்ச்சனைத் தட்டில்கூடச் சொல்ல முடியாமல் இருந்தது. இன்றைக்குச் சொல்லலாம். அதைச் சொல்லக் குரல்தான் இல்லை, மருமகள் சொல்லுவாள்.

"மாமா, இத யாரும் தொட வேண்டாம்," என்று வாசலில் நின்று மறுபடி சொன்னாள் பிரேமா.

"போயிட்டு வா தாயி. நான் என்ன அதைத் தின்னுரவா போறேன்."

அவர்கள் ஏறிய ஆட்டோ தெருமுனை திரும்பியதும் அவர் கடைக்குப் போகவில்லை. போனை எடுத்தார்.

அவரைக் குறை சொல்லுமுன் ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க அந்த மனிதர் புரண்டு புரண்டுதான் படுத்திருந்தார். தான் கதவைத் திறந்துவிட்ட நேரம் பார்த்து வீட்டுக்காரிக்குப் பேச்சு நின்றது அவருக்கு என்னவோ போலிருந்தது. எப்பாடுபட்டாவது சாயங்காலத்துக்குள் அவள் பேசியாக வேண்டும். இவ்வளவு பெரிய காரியத்தை எங்கேயோ சேலத்தில் ஒருவன் சோறு தின்கிற நேரத்தை நம்பி விட அவருக்கு மனசு வரவில்லை. சரக்கு எடுப்பதென்றால் ஒரே கடையை நம்பக் கூடாது, ரெண்டு கடை ஏறி இறங்க வேண்டும். ஒரு கடையில் கேட்டதை இன்னொரு கடையில் சொல்லவும் கூடாது. பஜாரில் பிறந்தவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கடைக் கம்ப்யூட்டர் கம்பெனியில் போனை உடனே எடுத்தார்கள். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். இந்தத் தடவை அரை மணியில் ஆள் வந்துவிட்டான்.

* * *

வந்தவன் பெயர் மணிகண்டபிரபு. கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை, பேச்சில் பணிவு. லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இது நாங்க போடுற ஐட்டம் இல்ல அண்ணாச்சி. இது லினக்ஸ். சும்மா கிடைக்கும்ல, அது."

"அதான் சீக்கு தம்பி. சும்மா கிடைச்சா சும்மாதான் கிடக்கும். உன்னால முடியுமா, முடியாதா?"

"இதையே நோண்டிக்கிட்டிருந்தா நாளைக்கும் ஆகாது. சுத்தமா எடுத்துட்டு எங்களதைப் போட்டா மதியத்துக்குள்ள முடிஞ்சிரும். தட்டினா தமிழ்ல பேசும். லேடீஸ் குரல். ஒரு வருஷம் கேரண்டி."

கேரண்டி என்ற சொல் வெயிலில் வந்தவனுக்குக் கொடுத்த நீர்மோர் மாதிரி அண்ணாச்சிக்குள் இறங்கியது.

"யாராவது இதுக்கு முன்னால பார்த்தாங்களா?"

"யாரும் பாக்கல."

"உள்ள முக்கியமா ஏதும் இருக்கா அண்ணாச்சி? இருந்தா முதல்ல தனியா எடுத்து வச்சிட்டுத்தான் அழிக்கணும். அதுக்கு சார்ஜ் வேற, நேரமும் ஆகும்."

அண்ணாச்சி வாங்க வேண்டிய பொருளை ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. நல்ல உளுந்து கண்ணில் பட்டால் பக்கத்து மூட்டைப் பாசிப்பயறைக் கையில் அள்ளிப் பார்ப்பார். வேண்டும் என்று முகத்தில் எழுதியிருந்தால் விற்கிறவன் வாசித்துவிடுவான். அவர் அப்பா அப்படித்தான், அவரும் அப்படித்தான். பெண் பார்க்கப் போன இடத்திலும், முத்துமாரியை மனசுக்குப் பிடித்துப்போனதும், அவர் எழுந்துபோய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார் என்று சொந்தத்தில் இன்றும் சிரிப்பார்கள்.

அந்தக் கை பழகிய கை. நாக்கும் பழகிய நாக்கு.

"உள்ள என்ன இருக்கப் போவுது? பழைய சாமான். வீட்டம்மா பொழுது போகாம தட்டிக்கிட்டு இருப்பா. ஒண்ணும் கிடையாது."

"உறுதியா?"

"ஒண்ணும் கிடையாதுங்கேன்லே. வேலையப் பாரு."

காலையில் மருமகள் வாசித்தது காதில் விழுந்திருந்தாலும், குரல் அந்தப் பெட்டிக்குள் ஒரு மூலையில் இருக்கிற, அழிந்துபோகக்கூடிய ஒரு பொருள் என்பது அவர் மனசில் ஏறவே இல்லை. மோட்டார் ஓடினால் தண்ணீர் வரும், மெஷின் சரியானால் பேச்சு வரும். அவர் கணக்கு அதுதான்.

மணிகண்டபிரபு பையிலிருந்து சுண்டுவிரல் அளவில் ஒன்றை எடுத்துச் செருகினான். திரை கறுத்தது. அப்புறம் நீலமாக வந்தது. அண்ணாச்சி அவனுக்குத் தன் கையாலேயே காபி கலந்து கொடுத்தார்.

* * *

கோயிலிலிருந்து வந்தவர்கள் நெற்றியில் குங்குமமும் கையில் உடைந்த தேங்காயுமாக உள்ளே நுழைந்தபோது அண்ணாச்சி லேப்டாப்புக்குப் பக்கத்தில் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி மாரி, இங்கன வா. உக்காரு. பேசு."

பிரேமாவின் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. திரையின் நிறம் வேறாக இருந்தது.

முத்துமாரியம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தட்டினாள். "சாப்டியளா?"

லேப்டாப் பேசியது. இளம்பெண் குரல். ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று சொல்கிற குரல். "சாப்டி, யளா," என்று ஒரு சொல்லை ரெண்டாக வெட்டிப் போட்டது. நம் ஊர்ப் பேச்சு அதற்குப் புரியவில்லை.

அந்த அம்மாள் மறுபடி தட்டினாள். தன் பெயரை. "முத்துமாரி." யாரோ ஒருத்தி மிகவும் மரியாதையாக அந்தப் பெயரைச் சொன்னாள்.

அவள் இன்னொரு தடவை தட்டவில்லை. தலையை உயர்த்திப் புருஷனைப் பார்த்தாள். அந்தக் குரலைக் கூட்டிவந்தது யார் என்று கேட்கிற பார்வை.

"நல்லாத்தானட்டி இருக்கு? கிளி மாதிரி பேசுதுல்லா? கேரண்டி போட்டிருக்கான்."

"மாமா," என்றாள் பிரேமா. "என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்? சரி பண்ணினேன்."

"அத்தை குரல் எங்க?"

அண்ணாச்சி லேப்டாப்பைப் பார்த்தார். பின்னால் எட்டிக்கூடப் பார்த்தார். "மெஷின்லதான இருக்கும். அதுலதான இருந்துச்சு?"

பிரேமா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பித் தேடினாள். தேட ஒன்றுமில்லை. வெள்ளையடித்த வீடு மாதிரி இருந்தது. வேணுகோபாலுக்குப் போன் போட்டாள். சொன்னபடி மத்தியான நேரம். அந்தப் பக்கம் சாப்பாட்டு டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அவள் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தபோது அந்தச் சத்தம் நின்றிருந்தது.

"மேலேயே வேறொண்ணு போட்டுட்டாங்களா?"

"ஆமாண்ணே."

"இந்த வகை டிஸ்க்ல அழிச்சா திரும்ப வராதுங்க. ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேனே."

"வைக்கணும் வைக்கணும்னு இருந்தேன்ணே. உங்ககிட்ட ஒண்ணு இருக்கும்ல?"

"இல்லீங்க. வேலை முடிஞ்ச அன்னைக்கே அழிச்சிட்டேன். அடுத்தவங்க அம்மா குரல். அதை வச்சு யாரும் என்ன வேணாலும் பேச வச்சிரலாம். எங்கிட்ட இருக்கறது தப்புன்னு நினைச்சேன்."

காசு வாங்காதவனுக்குப் பொறுப்பு இருக்காது என்று அண்ணாச்சி சொன்னார். அந்த ஆள் பொறுப்பாக இருந்ததால்தான் இப்போது கையில் ஒன்றுமில்லை.

"பழசா எதுவும் இருந்தா பாருங்க," என்றார் வேணுகோபால். "போன்ல பேசினது, அனுப்பினது, எதுவா இருந்தாலும். தெளிவா கொஞ்ச நேரம் கிடைச்சாப் போதும். நான் லீவு போட்டு உட்கார்றேன். எங்க ஆளுங்க நாலு பேரையும் உட்கார வைக்கிறேன்."

பிரேமா யோசித்தாள். கல்யாண வீடியோவில் எல்லாம் நாதஸ்வரம், பாட்டு. இவர்கள் போன்கள் மாற்றி மாற்றி வந்தவை. ஒரே ஒரு இடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பொன்மணி மதுரையில் ஹாஸ்டலில் படித்த காலத்தில் அவள் அம்மா எழுத்தில் அனுப்பத் தெரியாமல், தினமும் போனில் பேசிப் பேசிப் பதிவாக அனுப்புவாள். இன்றைக்கு என்ன குழம்பு, யார் வீட்டில் சண்டை, தலைக்கு எண்ணெய் வைத்தாயா.

"பொன்மணிகிட்ட இருக்கும்," என்று மாமனாரிடம் சொன்னாள். "அவ ஒருத்திகிட்டதான் இருக்கும்."

* * *

அண்ணாச்சி மணிகண்டபிரபுவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"நான் கேட்டேன்ல அண்ணாச்சி."

"கேட்ட."

"ஒண்ணும் கிடையாதுன்னீங்க."

"ஆமா."

"எனக்குத் தெரியாதுண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா சார்ஜ் இல்லாமகூட எடுத்து வச்சிருப்பேன். அம்மா என்ன சொல்லுதாங்க?"

அவர் போனை வைத்தார். ஆளுக்குப் பெயர் இருந்தது, வாசல் இருந்தது, சட்டையும் இருந்தது. பிடிக்கக் கை எழவில்லை.

அடுக்களையில் முத்துமாரியம்மாள் தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தாள். அவர் நிலைப்படியில் நின்றார்.

"உள்ள முக்கியமானது இருக்கான்னு கேட்டான். இருக்குன்னு சொன்னா வெலைய ஏத்திருவான்னு..." என்று தொடங்கி, அங்கேயே நின்றார். "பழக்கத்துல வந்துட்டுட்டி. அதை மாத்தினா உன் குரலும் போயிரும்னு எனக்குத் தெரியாது."

அவள் துருவுவதை நிறுத்தினாள். காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் எழுதி நீட்டினாள்.

"ஒண்ணுமில்லைன்னா சொன்னிய?"

அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

அவள் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு மீதித் தேங்காயைத் துருவினாள். கொஞ்ச நேரத்தில் சோறும் குழம்பும் தட்டில் வந்தது, எப்போதும்போல. கூட்டு எடுத்து வைத்தாள், எப்போதும்போல. அவர் பிசைந்தபடியே இருந்தார். அவளும் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கரண்டியைக் காட்டிக் கேட்கவில்லை.

* * *

வெயில் சாயும் நேரத்துக்குப் போன் வந்தது. பிரேமாவின் போன். எடுக்கப் போன பிரேமாவைத் தடுத்து, முத்துமாரியம்மாள் போனை வாங்கிப் புருஷன் கையில் வைத்து அழுத்தினாள்.

"அண்ணி?" என்றது போன், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி.

"நான்... அப்பா பேசுதேன்."

அந்தப் பக்கத்தில் தள்ளுவண்டி ஒன்று உருண்டு போயிற்று. யாரோ யார் பேரையோ சத்தமாகக் கூப்பிட்டார்கள்.

"நல்லாருக்கீங்களா அப்பா?"

"இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

"சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கப்பா. ஆபரேஷன்ல."

"ஆமா. ஆமால்ல."

அவள் சிரித்தாள். பாதிச் சிரிப்பு அழுகையில் முடிந்தது. "அம்மாகிட்டக் குடுங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு உள்ள போறேன். அப்படியே அம்மா குரல்லயே வரும்னு அண்ணி சொன்னாவ. எனக்குப் பயமா இருக்குப்பா."

அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார். அவள் பார்வை அவர் வாயின்மேல் இருந்தது.

"பொன்னு, நீ ஹாஸ்டல்ல இருக்கப்ப அம்மா போன்ல பேசிப் பேசி அனுப்புவாள்லா. அதெல்லாம் வச்சிருக்கியா?"

"எதுக்குப்பா?"

"சும்மாதான் கேட்டேன்."

சொன்ன வேகத்தில் அவருக்கே தன் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. "இல்லம்மா. சும்மா இல்ல. அது வேணும். அது மட்டுந்தான் வேணும். அம்மா குரலை இன்னைக்கு நான் அழிச்சிட்டேன். மெஷின்ல இருந்தத. நாந்தான். உன்கிட்ட இருந்தா மறுபடி செஞ்சிரலாம்ங்கான் அந்தச் சேலத்துக்காரன். என்ன வேணும்னாலும் கேளு, தாரேன். இருக்கா?"

தள்ளுவண்டி திரும்பி வந்தது.

"இல்லப்பா."

"தேடிப் பாரும்மா. பழைய போன்ல."

"தேட வேண்டாம்ப்பா. நீங்க கதவைச் சாத்தினீங்கள்ல, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல உக்காந்து எல்லாத்தையும் அழிச்சேன். ஒண்ணு ஒண்ணாக் கேட்டுக் கேட்டு அழிச்சேன். வச்சிருந்தா அம்மா சத்தம் கேக்கும்போதெல்லாம் திரும்பி வந்திருவேனோன்னு இருந்துச்சு. வந்தா நீங்க மறுபடி சாத்துவீங்கள்ல."

பிரேமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணாச்சியின் கையில் போன் இருந்தது, ஆனால் காதில் இல்லை. மெல்ல இறங்கி மடிக்கு வந்துவிட்டது. உள்ளே பொன்மணி, "அப்பா? அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முத்துமாரியம்மாள் குனிந்து அந்தப் போனை எடுத்தாள். லேப்டாப் மேசைமேல் திறந்துதான் இருந்தது. அதன் பக்கம் அவள் போகவில்லை. சுவரோரம் போய் நின்றாள். கழுத்துத் துணியை ஒரு விரலால் ஒதுக்கினாள். போனைக் காதில் வைக்காமல், வாயிலும் வைக்காமல், அந்தத் துவாரத்தின் அருகே பிடித்தாள்.

மூச்சு போயிற்று, வந்தது. கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் ஈரமாக. ஒரு இழுப்பு நீளமாக, ஒரு இழுப்பு அறுந்து.

"யாரு?" என்றாள் பொன்மணி. அப்புறம், மிகவும் தாழ்ந்த குரலில், "அம்மா."

மூச்சு வேகமாகப் போயிற்று, வந்தது.

"வச்சிராதம்மா. இப்படியே இரு."

அவள் அப்படியே இருந்தாள். தெருவில் உப்பு விற்கிறவனின் சைக்கிள் மணி கேட்டு நின்றது. நர்ஸ் ஒருத்தி, "போனைக் குடுங்கம்மா, டாக்டர் வந்தாச்சு," என்று சொல்வது இங்கே வரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் போன் ஊமையாகிவிட்டது. அது ஊமையான பிறகும் முத்துமாரியம்மாள் அதைக் கழுத்தோடு பிடித்தபடியேதான் நின்றாள். பிரேமா வந்து மெதுவாக விரல்களை எடுத்துவிட வேண்டியிருந்தது.

பிறகு யாரையும் கேட்காமல் உள்ளே போனாள். பெட்டியிலிருந்து ஒரு சேலையும் பழைய பருத்தி வேட்டித் துணிகளும் எடுத்துப் பையில் திணித்தாள். பிள்ளையைத் துடைக்க அந்தத் துணிதான் மெத்தென்று இருக்கும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். தூத்துக்குடிக்குக் கார் கேட்டு பிரேமா யாருக்கோ பேசிக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி இருந்த இடத்திலேயே இருந்தார். கூட வருகிறாரா என்று யாரும் கேட்கவில்லை. வரக்கூடிய முகம் தனக்கு இருக்கிறதா என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் பொன்மணியின் மாமியார் வேலுத்தாய் உட்கார்ந்திருப்பாள். நாலு வருடத்துக்கு முன் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து, அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே, எனக்கு மகளே கிடையாது என்று சொன்னவர் இவர்.

மேசைமேல் வைத்த போன் மறுபடி அடித்தது.

அதே நம்பர். ஆபரேஷன் முடிந்திருக்க முடியாது. ஆரம்பித்திருந்தாலே அதிகம். இவ்வளவு சீக்கிரம் வரக் கூடாத போன்.

பிரேமா வாசலிலிருந்து ஓடி வந்தாள். நம்பரைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்க எடுங்க மாமா."

அவர் எடுத்தார். வேலுத்தாயின் குரல், பதற்றத்தில் மூச்சிறைத்தது. "அங்கன யாரு பேசுதது?"

அண்ணாச்சி எழுந்து நின்றுகொண்டார்.

"பொன்மணியோட அப்பா பேசுதேன்," என்றார். "சொல்லுங்க."